நகமும் நாட்டு நலமும்: கனகராயன்குளப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்களைப் பற்றியும் கோயில்களைப் பற்றியும் வன்னியர் குறுநில ஆட்சி பற்றியுமே எழுதியுள்ளனர். அவை வேண்டியவையே. ஆயின், குளக்கட்டை உயர்த்தியவனும் வயலில் இறங்கியவளும் எத்தகைய உடலோடு அவ்வேலையைச் செய்தனர் என்ற வினா எம்மவரிடையே அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. மன்னரின் செப்பேடு கிடைக்கின்றது. குடியானவனின் குருதி எவ்வளவு செம்மையாயிருந்தது என்பதற்குச் செப்பேடு இல்லை. இக்கட்டுரையிலே அவ்வினாவை ஒரு சிறிய வழியாக அணுக முற்படுகின்றோம். அவ்வழி, மனித உடலில் எவரும் விளக்கின்றிப் பார்க்கக்கூடிய ஓரிடமாகிய கைவிரல் நகம்.

கனகராயன்குளம் யாழ்ப்பாணம்–கண்டி வீதியிலே புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அமைந்த குளக் குடியிருப்பு. இன்று வவுனியா வடக்குப் பிரிவைச் சேர்ந்தது. இப்பகுதியின் பெயரோடு இணைந்த கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேர்கின்றது. ஆறு என்று சொல்கின்றோமாயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அது மணற்படுக்கையே. மாரி கழிந்தபின் நீரோட்டம் அறுந்து, படுக்கையெங்கும் தெளிந்த சிறு குட்டைகள் எஞ்சும். இலங்கையின் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பாகிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் முட்டையிட விரும்புவது இத்தகைய வெயில்படும் தெளிந்த குட்டைகளையே. நெல்லுக்கு நீர் தந்த அதே ஆறு காய்ச்சலையும் தந்தது என்பதை இப்பகுதியின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

பிரித்தானிய நிர்வாகத்தினர் வன்னியைப் பற்றி எழுதியவற்றுள் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் தலையாயது. அதற்கு முன்னரே, 1881இல், தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, பறங்கி நோய் பற்றிய அறிக்கையொன்றை அளித்திருந்தார். காய்ச்சலும் பறங்கியும் உலர்வலயக் கிராமங்களை உருக்குலைத்தமை இத்தகைய ஆவணங்களால் ஐயமற விளங்கும். பிறப்பு இறப்புப் பதிவும் 1867 முதல் சட்டப்படி நடைபெற்று வந்தது. ஆனால் மருத்துவரைக் காணாமலே இறந்தவனின் சாவுக்குக் காரணம் சொன்னவர் உறவினர், எழுதியவர் பதிவாளர். ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லின் கீழே எத்தனை நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை அப்பதிவேடுகள் தம்மளவிற் சொல்லமாட்டா.

இவ்விடத்திலே மற்றொரு சொல்லையும் கவனித்தல் தகும். அது ‘சோம்பல்’. குடியேற்ற நாட்டு நிர்வாகிகளின் எழுத்துகளிலே உலர்வலயக் குடியானவன் முயற்சியற்றவன், நாளைய நினைப்பில்லாதவன் என்று மீண்டும் மீண்டும் சித்திரிக்கப்படுகின்றான். சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலிலே மலாயர், யாவானியர், பிலிப்பினியர் பற்றி ஐரோப்பியர் புனைந்த இதே கதையை ஆராய்ந்து, அது மூலதனத்தின் தேவையிலிருந்து பிறந்த கருத்தியல் என நிறுவினார். அவர் கூற்றோடு நாம் உடன்படுகின்றோம். எனினும் வன்னியைப் பொறுத்தவரை அதனோடு உடலியற் பக்கமொன்றையும் சேர்த்தல் வேண்டும். நான்கு கட்டை தூரம் நடந்தால் மூச்சு வாங்குபவனை, ஏர் பிடித்தபடியே வரம்பில் அமர்பவனைத் தொலைவிலிருந்து குதிரைமீது பார்த்த அதிகாரி சோம்பேறி என்றெழுதினான். அருகிற் சென்று அவன் கையைப் பற்றி நகத்தைப் பார்த்திருப்பின் வேறு சொல்லை எழுதியிருப்பான். அச்சொல் குருதிச்சோகை.

நகம் தன்னளவிலே உயிரற்ற தகடு. ஒளி ஊடுருவும் அத்தகட்டின் கீழே நுண்குருதிக்குழாய்கள் நிறைந்த படுக்கை உண்டு. தோலின் கருமை அங்கே மிகக் குறைவாதலின், எந்நிறத்தாரிலும் குருதியின் நிறத்தை ஓரளவு நேரடியாகக் காணத்தக்க இடங்கள் கண்ணின் கீழிமை, நாக்கு, உள்ளங்கை, நகப்படுக்கை என்பனவே. குருதியிற் செம்பொருள் குறைந்தால் படுக்கை வெளுக்கும். ஒட்சிசன் குறைந்தால் நீலம் பாரிக்கும். பித்தம் மிகுந்தால் மஞ்சளிக்கும். இது நகத்தின் முதலாவது மொழி. இரண்டாவது மொழி தகட்டின் வடிவத்திலே எழுதப்படுவது. நகம் அதன் அடியிலுள்ள ஆக்கத்திசுவிலிருந்து மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்ந்து வெளியேறுகின்றது. அடியிலிருந்து நுனியை அடைய ஏறக்குறைய ஆறு மாதம் செல்லும். ஆகவே ஒருவனுடைய நகம் அவனது கடந்த அரையாண்டின் நாட்குறிப்பு எனலாம். அமெரிக்க மருத்துவரான வில்லியம் பீன் தமது பெருவிரல் நகத்திலே 1941 முதல் கோடிட்டு அளந்து, 35 ஆண்டுக் கணக்கை 1980இல் வெளியிட்டார். தமது 32ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம் 67ஆம் வயதில் 0.095 மில்லிமீற்றராகத் தளர்ந்ததை அவர் கண்டார். இவ்வளவு பொறுமையோடு எம் ஆய்வாளர் எவரேனும் ஒரு கிராமத்தின் விளைச்சலை அளந்திருப்பின் எத்துணைப் பயன் விளைந்திருக்கும்!

நகத்தை நோக்கி நோயறியும் முறை மேனாட்டார் எமக்குக் கற்பித்ததன்று, அவர்களிடமிருந்து மறைந்திருந்ததுமன்று. நெஞ்சறையிலே சீழ் கட்டியோரின் நகங்கள் வளைவதைக் கிரேக்க இப்போகிரற்றிசு மரபினர் குறித்துள்ளனர். விரல்நுனி முரசுக்கோல் போற் பருக்கும் அக்குறி நுரையீரல், இதயம், ஈரல் ஆகியவற்றின் நாட்பட்ட நோய்களைக் காட்டுவதாக இன்றும் மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. சரக சங்கிதை காமாலையிலே கண், தோல், முகம் என்பவற்றோடு நகமும் மஞ்சள் நிறமாகும் என்கின்றது. கபத்தால் வரும் பாண்டுவிலே நகம் வெளுக்கும் என்கின்றது. மண் தின்பதால் உண்டாகும் பாண்டுவைத் தனி வகையாகக் கொள்கின்றது. சாக்குறிகளைத் தொகுத்துரைக்கும் பகுதியில், தசையும் குருதியும் வற்றிப் பழுத்த நாவற்பழ நிறங்கொண்ட நகமுடையான் பிழையான் என்ற கருத்தும் அதில் உண்டு. நாவற்பழ நிறம் என்ற உவமை உலர்வலயத்தில் வாழ்வோர்க்கு விளக்கம் வேண்டாதது. ஒட்சிசன் இழந்த குருதியின் நிறத்தை அதனினும் செப்பமாகக் கூறும் சொல் எமக்குத் தெரியவில்லை.

தமிழ்ச் சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வை வகுத்தது. நகம் இவற்றுள் தனித்தேர்வாக இல்லை. நிறத்திலும் பரிசத்திலும் அது அடங்கும். நாடி பிடிக்கும் பரியாரியாரின் கைக்குள்ளேயே நோயாளியின் விரல்கள் இருந்தன என்பதை மறத்தலாகாது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புறுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களை ஏழாலை ஐ. பொன்னையா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அச்சேற்றினார். அந்நூல்மரபு யாழ்ப்பாணத்தோடு நின்றதன்று. எனினும், நூலறிவு ஒருபுறமிருக்க, நகம் வெளுத்த கர்ப்பிணியை வயலுக்கு அனுப்பாதே என்று சொல்லிய மருத்துவிச்சியின் அறிவை எந்த ஏட்டிலே தேடுவது? எழுதப்பட்டதை மட்டுமே அறிவெனக் கொள்ளும் ஆராய்ச்சி, எழுத்தறிவு மறுக்கப்பட்ட வர்க்கத்தின் அறிவை முழுமையாக இழந்துவிடுகின்றது.

மேனாட்டு மருத்துவம் தமிழிற் பேசத் தொடங்கியது மானிப்பாயில். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் இலங்கைக்கு வந்த சமுவேல் பிஸ்க் கிறீன், கட்டர் எழுதிய உடலமைப்பு நூலை 1852இலும், பிரசவ வைத்திய நூலை 1857இலும், துருவித்தின் இரணவைத்தியத்தை 1867இலும் தமிழிலே வெளிக்கொணர்ந்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பல்கலைக்கழகங்களிலே தாய்மொழிக் கல்வி இயலுமோ என்று விவாதித்தோர் இவ்வரலாற்றை ஒருமுறையேனும் புரட்டியிருக்கலாம். ஆனால் மானிப்பாய் குடாநாட்டின் நடுவே இருந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே கிடைத்தவை பெரும்பாலும் கொயினாவும் சிற்சில அரசாங்க மருந்தகங்களுமே.

மேனாட்டிலே நகம் பற்றிய அறிவு வளர்ந்த விதமும் கவனத்துக்குரியது. பிரெஞ்சு மருத்துவர் போ 1846இலே நகத்தின் குறுக்கே ஓடும் பள்ளங்களை விளக்கினார். கடுங்காய்ச்சலில் கிடந்தவனின் நகம் அந்நாட்களில் வளர்ச்சி குன்றும். குணமானபின் மீண்டும் வளரும். இடைப்பட்ட குறை ஒரு பள்ளமாகப் பதியும். பள்ளம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என அளந்தால் நோய் வந்த காலத்தைக் கணிக்கலாம். இதனை வரலாற்று மாணவர் கால ஆராய்ச்சி என்றே கொள்வர். அடுத்து, 1900இல் மன்செஸ்ரர் நகரிலும் சூழவும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எழுபது பேர் வரையில் இறந்தனர். மலிந்த பியர் காய்ச்சப் பயன்படுத்திய சர்க்கரையிலே ஆசனிக்கு கலந்திருந்தமையே காரணம். அந்நோயாளரின் நகங்களிலே தோன்றிய வெண்கோடுகள் அடுத்த ஆண்டே பதிவாயின. 1919இல் மீஸ் என்பார் அவற்றை மீண்டும் விரித்துரைத்தமையால் அவர் பெயரே நிலைத்தது. தொழிலாளர் குடித்த மலிவான பானத்தின் கணக்கு அவர்களது நகத்திலே எழுதப்பட்டிருந்தது! 1954இல் ரெறி என்பவர் ஈரல் இழைநார் நோயாளர் 100 பேருள் 82 பேரின் நகம் நுனியோரம் தவிர வெண்கண்ணாடி போல் வெளுத்திருக்கக் கண்டார். 1956இல் முயர்க் கண்ட இணை வெண்கோடுகள் குருதியில் அல்புமின் என்னும் புரதம் குறைவதைக் காட்டுவன. புரதம் மீண்டால் அவை மறைந்துவிடும். ஆகவே அவை படுக்கையைச் சார்ந்தவை, தகட்டைச் சார்ந்தவையல்ல. 1967இல் லின்சே நாட்பட்ட சிறுநீரக நோயாளரிலே பாதி வெண்மையும் பாதி செம்பழுப்புமான நகத்தை விவரித்தார்.

எனினும் எமது ஆய்வுக்கு மிக வேண்டியது கரண்டி நகம். குவிந்திருக்க வேண்டிய தகடு மெலிந்து, தட்டையாகி, பின்னர் ஒரு துளி நீரைத் தாங்குமளவுக்குக் குழிந்துவிடும். உடலின் இரும்புச் சேமிப்பு நெடுங்காலம் வறண்டமைக்கு இது சான்று. இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டை வற்புறுத்துகின்றோம். மலேரியா செங்குருதிக் கலங்களை உடைக்கின்றது. ஆயின் அவற்றின் இரும்பு பெரும்பாலும் உடலிலேயே தங்கிவிடும். நகம் வெளுக்கும், மண்ணீரல் வீங்கும், ஆனால் நகம் குழியவேண்டியதில்லை. கொளுக்கிப்புழுவோ குடலிலிருந்து குருதியை வெளியேற்றுகின்றது. இலங்கையிலே மிகுந்து காணப்பட்ட இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியைக் கெடுக்கும். அது ஒரு துளியும் அன்று. ஆனால் சில நூறு புழுக்கள், பல ஆண்டுகள், அதன்மேல் மகப்பேறுகள், இறைச்சியும் கீரையும் அரிதான உணவு என்று கூட்டிப் பார்த்தால் இரும்பு எஞ்சாது. வெளிறிய நகத்தையும் குழிந்த நகத்தையும் வேறுபடுத்தி நோக்குவோர்க்கு இருவேறு சமூக வரலாறுகள் தென்படும்: ஒன்று நீரின் வரலாறு, மற்றது மண்ணின் வரலாறு.

கொளுக்கிப்புழுவுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பாவில் வெளிப்பட்டது 1880இலே. சென் கொதார்ட் மலைச்சுரங்கப்பாதை அமைத்த இத்தாலியத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் வெளிறி வீழ்ந்தபோது, பெரொன்சிற்றோ அவர்களது குடலிலே இப்புழுவைக் கண்டார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைக் குடியானவரிடையே ஸ்ரைல்ஸ் இதனை எடுத்துரைத்தபோது, 1902இல் நியூயோர்க் பத்திரிகையொன்று ‘சோம்பலின் கிருமி’ கண்டுபிடிக்கப்பட்டது என்று தலைப்பிட்டது. பழி ஒழுக்கத்திலிருந்து புழுவுக்கு மாறியது. வெறுங்காலோடும் மலசலகூடமின்றியும் மக்களை வைத்திருந்த பொருளாதாரத்துக்கு மட்டும் மாறவில்லை. ரொக்பெல்லர் நிறுவனம் 1916இலே இலங்கைக்கு வந்தது. அது முதலிற் சென்றது தேயிலைத் தோட்டங்களுக்கே. குருதி குறைந்த கூலியாள் குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்ற கணக்கு அதற்குள் இருந்தது என நாம் கருதுகின்றோம். ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலே புழுவின் குடம்பிகள் செழித்தமையால் ஈரவலயமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டது என்பதும் உண்மையே. வன்னியின் நீண்ட கோடை அக்குடம்பிகளுக்கு ஏற்றதன்று. ஆகவே வன்னியின் வெளிறிய நகத்துக்கு முதற்காரணம் மலேரியா, அதனோடு சேர்ந்தது உணவுக்குறை என்பதே எமது முடிபு.

1934–35ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளை இதனைத் தெளிவாக்கும். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகியபோது கேகாலை, குருணாகல் முதலிய பகுதிகளிலே காய்ச்சல் வெடித்தது. நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். ஆண்டுதோறும் மலேரியாவோடு வாழ்ந்த உலர்வலயம் அவ்வளவு வியத்தகு சாவைக் காணவில்லை. அங்கே பெரியோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். அந்த ஆற்றலுக்கு விலை கொடுத்தவர் குழந்தைகளும் கர்ப்பிணிகளும். கொள்ளைநோய் செய்தியாகும்; நிரந்தர நோய் செய்தியாகாது. தென்பகுதியிலே சூரியமல் இயக்கத்தார் கொயினாவோடு பருப்பையும் பகிர்ந்தனர், என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகத்தயா’ என்ற பெயர் வழங்கியதும் அதனாலேயே. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க உணவுக்குறையே நோயைக் கொல்லும் நோயாக்குகின்றது என்பதை உணர்ந்து செயற்பட்டார். இடதுசாரி அரசியல் கிராமங்களிலே வேரூன்றியமைக்கு அப்பருப்புக்கும் பங்குண்டு.

அரசாங்கம் மலேரியாவை அளந்த முறை மண்ணீரல் வீதம்: பள்ளிப் பிள்ளைகளைக் கிடத்தி வயிற்றைத் தடவி, வீங்கியோரின் நூற்றுவீதத்தைக் கணித்தல். குருதியின் நிறத்தை அளக்க 1900இல் தல்க்விஸ்ற் வகுத்த ஒற்றுத்தாள் நிறவரிசை உலகின் பல பகுதிகளிலே கையாளப்பட்டது. ஒரு துளிக் குருதியைத் தாளில் ஒற்றி, அச்சிட்ட செந்நிறங்களோடு ஒப்பிடுவதே அம்முறை. அது மருத்துவிச்சியின் கண் செய்ததையே தாளின்மேற் செய்தது. 1945 அளவில் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பால் காய்ச்சல் அருகி, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். பின் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. போர்க்காலத்தில் வடகிழக்கே நோயின் இருப்பிடமாயிற்று. 1990களில் வன்னிக்குச் சென்ற மருந்துகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திலே, பரிசோதனைக்கூடம் எட்டாத இடங்களில் கண்ணிமையும் நகமுமே மீண்டும் குருதிப் பரிசோதனையாயின. 1999இல் நாட்டிலே இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாயினர். உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இடையிலே 2008–09 இடப்பெயர்வு வன்னி மக்களை ஏறத்தாழ முழுமையாகப் பெயர்த்து, வவுனியாவின் முகாம்களில் அடைத்தது. அக்காலக் குழந்தைகளின் நகங்களை எவரேனும் முறையாகப் பார்த்துக் குறித்திருப்பின், பசியின் கால அட்டவணையே எமக்குக் கிடைத்திருக்கும்.

நகத்தை மிகையாக நம்புவதும் தவறு. இலேசான சோகையை நிறத்தால் மட்டும் கண்டுகொள்ளுதல் தேர்ந்த மருத்துவர்க்கும் அரிது. நகத்தில் வெண்பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்பர் எம் பாட்டிமார். சுண்ணாம்புச் சத்துக் குறைவென்பர் படித்தோர். பெரும்பாலும் இரண்டுமல்ல: அடியிலே எப்போதோ பட்ட சிறு அடியின் தழும்பே அது. இரண்டு கூற்றுகளுள் பாட்டியின் கூற்றாவது மகிழ்ச்சி தருகின்றது. கருநிறத்தோரின் நகத்திலே நெடுக்கே ஓடும் பழுப்புக் கோடுகள் பெரும்பாலும் இயல்பானவை. வெண்ணிறத்தாரை நோக்கி எழுதப்பட்ட பாடநூல்களைப் படித்து அவற்றை நோயென மயங்கல் ஆகாது. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கருங்கோட்டை மட்டும் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். உழைப்பின் சுவட்டையும் நோயின் சுவட்டையும் பிரித்தறிதலும் வேண்டும்: ரிக்சா இழுப்போரின் கால்விரல் நகங்கள் இரும்புக் குறைவின்றியே குழிவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். சேற்றில் நிற்போருக்கு வரும் நகச்சுற்றும் பூஞ்சணமும் உடல் முழுவதின் நோயைக் காட்டுவனவல்ல. மருதோன்றி இட்ட நகமோ எதையும் காட்டாது.

மலேரியா அகன்றபின் இன்றைய வன்னியிலே வெளிறிய நகத்துக்குப் பொருள் மாறிவிட்டது. அது இரும்புக்குறையைக் குறிக்கலாம். அல்லது சிறுநீரக நோயைக் குறிக்கலாம். காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலே வடமத்திய மாகாண விவசாயிகளிடையே இனங்காணப்பட்டு, பின்னர் வவுனியா மாவட்டத்திலும் அறியப்பட்டது. சிறுநீரகம் நலிந்தால் குருதியாக்கத்தைத் தூண்டும் ஓமோனும் குறைவதால் சோகை உடன்வரும். அதனாலே, களைத்த விவசாயியின் நகம் வெளிறியிருப்பின் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாது சிறுநீரையும் சோதித்தல் இப்பகுதிக்கு இன்றியமையாதது. 2018இலே அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர் நகப்படுக்கையின் ஒளிப்படத்திலிருந்து குருதிச் செம்பொருளைக் கணிக்கும் கைத்தொலைபேசி முறையொன்றை வெளியிட்டனர். வெண்புள்ளி உள்ள இடத்தை விலக்கிக் கணிக்குமாறு அவர்கள் அதனை அமைத்திருந்தனர்.

சிறுநீரக நோயின் காரணத்தைத் தேடிய ஆய்வுகளுள் உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்தி, 2013இல் முடிவுகள் வெளியான ஆய்வு நோயாளரின் சிறுநீரோடு தலைமயிரையும் நகத்துண்டுகளையும் சேகரித்தது. அவற்றிலே கட்மியம், ஆசனிக்கு முதலியவற்றின் அளவு கணிக்கப்பட்டது. குருதி சில நாட்களின் கதையைச் சொல்ல, நகம் மாதங்களின் சேர்க்கையைச் சொல்லும் என்பதே அதற்குக் காரணம். கட்மியம், ஆசனிக்கு, கிணற்று நீரின் புளோரைட்டும் வன்மையும், விவசாய இரசாயனம், வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன; எதுவும் தனித்து நிறுவப்படவில்லை. 2013ஆம் ஆண்டு ஆய்வின் துண்டுகள் அனுராதபுரம், பொலநறுவை, பதுளை மாவட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கனகராயன் ஆற்றுப் படுகையின் கிணறுகளை அருந்துவோரிடமிருந்தும் அத்தகைய துண்டுகள் திரட்டப்படல் வேண்டும் என்பதை எமது பல்கலைக்கழக மருத்துவ, புவியியல் துறையினர் முன் வைக்கின்றோம்.